ஆற்றல் பிணைப்புக்குள் இல்லை

மேல்நிலை வகுப்புகளில் உயிரியல் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

பதினொன்றாம் வகுப்பு மாணவர் அடுத்தடுத்த இரண்டு பாடவேளைகளில் ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு செய்திகளைக் கற்றுக்கொள்கிறார். எந்தப் பிணைப்பை முறிப்பதற்கும் ஆற்றல் செலவாகும், பிணைப்பு உருவாகும்போதுதான் ஆற்றல் வெளிப்படும் என்பது வேதியியல் வகுப்பில் கேட்டது. ஏடிபி மூலக்கூறின் கடைசிப் பாஸ்பேட்டைப் பிடித்திருக்கும் 'உயர் ஆற்றல் பிணைப்பு' முறியும்போது, அதனுள் சேமித்து வைத்த ஆற்றல் வெளிவருகிறது என்பது உயிரியல் வகுப்பில் எழுதிக்கொண்டது. இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. ஆனால் இரண்டு தேர்வுகளிலும் இரண்டையும் எழுதி முழு மதிப்பெண் வாங்க முடிகிறது. அதனால் இந்த முரண் தலைமுறை தலைமுறையாகக் கேள்வியின்றித் தொடர்கிறது. வேதியியல் வகுப்பில் சொல்வதே சரி என்பதையும், உயிரியல் வகுப்பின் வாக்கியத்தைத் திருத்துவது வெறும் சொல் திருத்தம் அல்ல என்பதையும் உங்கள் முன் வைக்கவே இந்த மடல். செல் எப்படி உயிரோடு இருக்கிறது என்ற கேள்விக்கான விடையே அந்தத் திருத்தத்தில்தான் அடங்கியிருக்கிறது.

இரண்டு அணுக்கள் பிணைந்திருப்பதற்குக் காரணமே, பிரிந்திருப்பதைவிட அந்த நிலையில் அவற்றின் ஆற்றல் குறைவு என்பதுதான். ஆகவே அவற்றைப் பிரிக்க வெளியிலிருந்து ஆற்றல் கொடுத்தாக வேண்டும். இதற்கு விலக்குக் கிடையாது. ஹைட்ரஜன் எரிவதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹைட்ரஜன் மூலக்கூறின் பிணைப்பை முறிக்க மோலுக்கு 436 கிலோஜூலும், ஆக்சிஜன் மூலக்கூறின் பிணைப்பை முறிக்க 498 கிலோஜூலும் வேண்டும். இரண்டு மோல் ஹைட்ரஜனும் ஒரு மோல் ஆக்சிஜனும் சேர்ந்தால் முறிப்பதற்கு மட்டும் 1370 கிலோஜூல் செலவு. நீராவியில் புதிதாக உருவாகும் நான்கு மோல் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்புகள், மோலுக்குச் சுமார் 463 வீதம், 1852 கிலோஜூலைத் தருகின்றன. மிச்சம் ஏறத்தாழ 480 கிலோஜூல்; நாம் காணும் சூடும் வெளிச்சமும் அதுதான். பழைய பிணைப்புக்குள் பதுங்கியிருந்த எதுவும் வெளியே வரவில்லை. புதிய பிணைப்புகள் பழையவற்றைவிட உறுதியானவை, அவ்வளவே.

இதே கணக்கை ஏடிபிக்குப் போட்டால் வேடிக்கையான ஒரு நிலை வருகிறது. ஏடிபி நீராற்பகுக்கப்படும்போது ஒரு பாஸ்பரஸ்–ஆக்சிஜன் பிணைப்பு முறிகிறது. உடனே நீரிலிருந்து வந்த ஆக்சிஜனோடு இன்னொரு பாஸ்பரஸ்–ஆக்சிஜன் பிணைப்பு உருவாகிறது. நீரில் ஓர் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு போகிறது, வேறோர் இடத்தில் அதே வகைப் பிணைப்பு ஒன்று வருகிறது. போனதும் வந்ததும் ஒரே வகை. அப்படியிருந்தும் திட்ட நிலையில் மோலுக்குச் சுமார் 30.5 கிலோஜூல் கட்டிலா ஆற்றல் குறைகிறது. காரணங்கள் நன்கு அறியப்பட்டவை. ஏடிபியில் எதிர்மின் சுமைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. பிரிந்தபின் அந்த நெருக்கடி தளர்கிறது. பிரிந்த பாஸ்பேட்டை நீர் மூலக்கூறுகள் இன்னும் நன்றாகச் சூழ்ந்துகொள்கின்றன. அதன் எலக்ட்ரான்களுக்குப் பரவி நிற்க அதிக இடமும் கிடைக்கிறது. இவை எல்லாம் வினைபடு பொருள், விளைபொருள், சூழ்ந்த நீர் மூன்றையும் சேர்த்துப் பேசும் காரணங்கள். தனியொரு பிணைப்பின் சொத்தாக எதுவும் இல்லை. அதோடு, 'உயர்' என்ற அடைமொழியும் ஏடிபிக்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை. பாஸ்போஈனால்பைருவேட்டின் மதிப்பு ஏறத்தாழ 62, கிரியேட்டின் பாஸ்பேட்டுக்கு 43, குளுக்கோஸ்–6–பாஸ்பேட்டுக்கு 14. ஏடிபி இவற்றுக்கு நடுவில் நிற்கிறது. நடுவில் நிற்பதால்தான் மேலே உள்ளவற்றிடம் பாஸ்பேட்டை வாங்கிக் கீழே உள்ளவற்றுக்குக் கொடுக்க அதனால் முடிகிறது. மிக உயரத்தில் இருந்திருந்தால் அது தரகு வேலைக்கு உதவியிருக்காது.

ஆனால் இந்த 30.5கூட விஷயத்தின் முக்கியப் பகுதி அல்ல. ஒரு கண்ணாடிக் குடுவையில் ஏடிபி கரைசலை வைத்து, அதைப் பகுக்கும் நொதியையும் சேர்த்து, வினை தானாக நிற்கும்வரை காத்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். குடுவை சமநிலையை அடைந்துவிடும். அப்போதும் அதில் மிகச் சொற்ப அளவில் ஏடிபி இருக்கும். அந்த ஏடிபியின் கடைசிப் பாஸ்பேட், எந்த ஏடிபியிலும் உள்ள அதே பிணைப்போடுதான் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனால் அந்தக் குடுவையிலிருந்து ஓர் அணுவளவு வேலையும் வாங்க முடியாது. ஆற்றல் பிணைப்புக்குள் இருந்திருந்தால் இது நடக்கக் கூடாது. இப்போது உயிருள்ள செல்லைப் பாருங்கள். அங்கே ஏடிபி லிட்டருக்குச் சில மில்லிமோல் இருக்கிறது. ஏடிபி பிரிந்து உண்டாகும், இரண்டு பாஸ்பேட் மட்டுமே உள்ள அடினோசின் டைபாஸ்பேட் அதில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான். சமநிலையில் இருக்க வேண்டிய விகிதத்தோடு ஒப்பிட்டால் செல் இந்த விகிதத்தைப் பத்துக் கோடி மடங்குக்கும் மேலாக மறுபக்கம் தள்ளி வைத்திருக்கிறது. இந்தத் தள்ளிவைப்பால்தான் செல்லுக்குள் ஏடிபி தரக்கூடிய வேலை மோலுக்கு 50 கிலோஜூல் அளவுக்கு உயர்கிறது. செல்லின் சேமிப்பு என்று சொல்லத்தக்கது இந்தத் தொலைவு. ஏடிபி எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, சமநிலையிலிருந்து அது எவ்வளவு தூரத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறது என்பதே கணக்கு.

வகுப்பறைக்கு ஓர் உவமை வேண்டுமென்றால் மேட்டூர் அணை இருக்கிறது. நீர்த்தேக்கத்தில் நிற்கும் காவிரி நீரும் பூம்புகாரில் கடலைச் சேரும் காவிரி நீரும் மூலக்கூறு அளவில் ஒன்றே. மேட்டூர் நீருக்குள் மின்சாரம் ஒளிந்திருப்பதாக யாரும் சொல்வதில்லை. அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. அந்த மேல்மட்டத்துக்கும் வெளியேறும் நீரின் கீழ்மட்டத்துக்கும் உள்ள வேறுபாடே சுழலியைச் சுற்றுகிறது. இரண்டு பக்கமும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் எவ்வளவு தண்ணீர் இருந்தும் சுழலி நின்றுவிடும். ஏடிபி அந்தத் தண்ணீரைப் போன்றது. உவமை இங்கே வெறும் உவமையாக நின்றுவிடுவதும் இல்லை. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் உண்மையாகவே ஓர் அணையும் ஒரு சுழலியும் இருக்கின்றன.

அவற்றைக் கண்டறிந்த கதையே என் வாதத்துக்கு வலுவான சான்று. 1941-இல் பிரிட்ஸ் லிப்மன் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, பாஸ்பேட் பிணைப்பை ஒரு நெளிகோட்டால் குறித்து, 'ஆற்றல் செறிந்த பிணைப்பு' என்ற பேச்சைப் பரப்பியது. அந்தக் கட்டுரை வளர்சிதை மாற்றத்தை ஒரே பார்வையில் காணச் செய்தது. அதன் பெருமையை யாரும் குறைக்க முடியாது. ஆனால் ஆற்றல் எப்போதும் ஒரு பிணைப்பிலிருந்து இன்னொரு பிணைப்புக்கே கைமாறும் என்ற எண்ணமும் அதோடு ஊறிப்போனது. உணவு ஆக்சிஜனேற்றம் அடைவதற்கும் ஏடிபி உருவாவதற்கும் இடையில் ஆற்றல் செறிந்த ஒரு வேதிப்பொருள் நிச்சயம் இருக்க வேண்டும் என்று 1953-இல் ஸ்லேட்டர் முன்மொழிந்தார். அந்தப் பொருளைத் தேடிப் பல ஆய்வகங்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்தன. அது அகப்படவே இல்லை. அப்படி ஒரு பொருள் இல்லை. 1961-இல் பீட்டர் மிட்செல், இடையில் இருப்பது பொருள் அல்ல, சவ்வின் இரு பக்கங்களுக்கும் இடையிலான புரோட்டான் வேறுபாடு என்றார். உணவிலிருந்து வரும் எலக்ட்ரான்கள் ஆக்சிஜனை நோக்கிச் செல்லும் வழியில் புரோட்டான்களைச் சவ்வுக்கு வெளியே இறைக்கின்றன. திரும்பி உள்ளே பாயும் புரோட்டான்கள் ஏடிபி சிந்தேஸ் நொதியைச் சுற்றுகின்றன. கேட்டவர்களில் பலர் ஏற்கவில்லை. 1978-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைக்கும்வரை கடும் வாக்குவாதம் நடந்தது.

அந்த வாக்குவாதத்தைத் தீர்த்த சோதனைகள் நம் வகுப்பறைகளில் சொல்லப்பட வேண்டியவை. 1966-இல் ஜேகன்டார்ஃபும் உரிபேயும் பசுங்கணிகத்தின் தைலக்காய்டுகளை எடுத்து, முதலில் பி.எச். 4 உள்ள அமிலக் கரைசலில் ஊறவிட்டார்கள். உள்ளும் புறமும் அமிலமானபின் சட்டென்று பி.எச். 8 உள்ள கரைசலுக்கு மாற்றி, டைபாஸ்பேட்டையும் பாஸ்பேட்டையும் கொடுத்தார்கள். முழு இருட்டு, ஒளி இல்லை, உணவு இல்லை, முறிவதற்கு எந்தப் 'பிணைப்பும்' இல்லை. இருந்தும் ஏடிபி உருவானது. உள்ளே அமிலம், வெளியே காரம் என்ற வேறுபாடு ஒன்றே போதுமாக இருந்தது. 1974-இல் ராக்கரும் ஸ்டூக்கேனியஸும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கொழுப்பாலான செயற்கைக் குமிழிகளில், உப்புநீரில் வாழும் நுண்ணுயிரின் ஒளியால் இயங்கும் புரோட்டான் இறைப்பானையும், மாட்டிதயத்தின் ஏடிபி நொதியையும் சேர்த்துப் பதித்தார்கள். உயிரின மரபில் ஒன்றுக்கொன்று எந்த உறவும் இல்லாத இரண்டு உறுப்புகள். வெளிச்சம் பட்டதும் ஏடிபி உருவானது. இரண்டையும் இணைத்தது சவ்வுக்குக் குறுக்கே நின்ற புரோட்டான் வேறுபாடு மட்டுமே. இயங்கும் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் இந்த வேறுபாட்டின் மின்னழுத்தப் பகுதி சுமார் 150 மில்லிவோல்ட். எண் சிறியதாகத் தெரியும். ஆனால் சவ்வின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர்தான். மீட்டர் கணக்கில் அது மூன்று கோடி வோல்ட்.

எல்லாவற்றிலும் எனக்கு மிகத் தெளிவாகப் படும் சான்று பால் பாயரின் ஆய்விலிருந்து வருவது. ஏடிபி சிந்தேஸின் வினைமையத்துக்குள், டைபாஸ்பேட்டும் பாஸ்பேட்டும் சேர்ந்து ஏடிபி ஆவதற்கு ஏறக்குறைய ஆற்றலே தேவைப்படுவதில்லை. அங்கே இரு பக்கமும் கிட்டத்தட்டச் சமமாகவே இருக்கின்றன. உருவான ஏடிபியை இறுகப் பிடித்திருக்கும் நொதியிடமிருந்து விடுவித்துக் கரைசலுக்குள் அனுப்பத்தான் ஆற்றல் செலவாகிறது. அதாவது, நாம் 'ஆற்றல் செறிந்தது' என்று கற்பிக்கும் அந்தப் பிணைப்பு ஆற்றல் செலவின்றியே உருவாகிவிடுகிறது. செலவெல்லாம் ஏற்கெனவே ஏடிபி மிகுந்திருக்கும் இடத்துக்குள் இன்னொரு ஏடிபியைத் தள்ளுவதற்கு. மட்டத்தை உயர்த்தும் வேலை அது. இந்த நொதியின் நடுத்தண்டு சுழலும் என்று பாயர் சொன்னதை, 1997-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஓர் ஒளிரும் இழையைத் தண்டில் ஒட்டி, நுண்ணோக்கியில் அது சுழல்வதைப் படமெடுத்தே காட்டிவிட்டார்கள். அதே ஆண்டு பாயரும், நொதியின் அமைப்பை வெளிப்படுத்திய ஜான் வாக்கரும் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். ஒரு குளுக்கோஸுக்கு 36 அல்லது 38 ஏடிபி என்ற பழைய கணக்கு இன்று சுமார் 30 அல்லது 32 என்று குறைந்திருப்பதும் இதனால்தான். ஒரு என்ஏடிஹெச்சுக்கு 2.5 ஏடிபி என்ற பின்னம், பிணைப்புக்குப் பிணைப்பு கைமாறும் கணக்கில் பொருளற்றது. இறைத்துத் தேக்கிய புரோட்டான் கணக்கில் இயல்பானது.

உணவுக்கும் இதே விதிதான். குளுக்கோஸில் இவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்கிறோம். மோலுக்கு 2870 கிலோஜூல் என்பது குளுக்கோஸின் தனிச் சொத்து அல்ல. குளுக்கோஸும் ஆக்சிஜனும் ஒரு பக்கம், கார்பன் டை ஆக்சைடும் நீரும் மறுபக்கம் என்ற சோடியின் மதிப்பு. இரவில் மூடி வைத்த இட்லி மாவில், ஆக்சிஜன் இல்லாமல் வாழும் நுண்ணுயிரிகளுக்கு அதே குளுக்கோஸிலிருந்து ஒன்றிரண்டு ஏடிபிக்கு மேல் கிடைப்பதில்லை. நம் செல்களுக்கு முப்பதை ஒட்டிக் கிடைக்கிறது. சர்க்கரை மாறவில்லை, அதன் பிணைப்புகளும் மாறவில்லை. எதிரே ஆக்சிஜன் இருக்கிறதா என்பதே மாறியது.

இனி, நீங்கள் எழுப்பக்கூடிய மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவது, 'உயர் ஆற்றல் பிணைப்பு' என்பது ஒரு சுருக்கச் சொல், உயிர்வேதியியலாளர்களே அதைப் பயன்படுத்துகிறார்களே என்பது. உண்மை, பயன்படுத்துகிறார்கள். சொல்லுக்குள் மடித்து வைத்திருப்பது என்ன என்று அவர்களுக்குத் தெரியும். மாணவருக்கு மடிப்பு தெரியாது, சொல் மட்டுமே போய்ச் சேர்கிறது. அந்தச் சொல்லை நம்பியவரால் விளக்க முடியாத உண்மைகள் பல. டைநைட்ரோபீனாலை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போரின்போது பிரான்சின் வெடிபொருள் ஆலைகளில் அதைக் கையாண்ட தொழிலாளர்கள் மெலிந்தார்கள், கடுங்காய்ச்சலில் இறந்தார்கள். 1933-இல் அமெரிக்காவில் அது உடல் எடை குறைக்கும் மருந்தாக விற்பனைக்கு வந்தது, கண்புரையும் மரணங்களும் தொடர்ந்தன, 1938-இல் நிறுத்தப்பட்டது. அந்தப் பொருள் உணவு எரிவதைத் தடுப்பதில்லை. மூச்சு வேகமாகிறது, ஆக்சிஜன் கூடுதலாகச் செலவாகிறது, உணவின் பிணைப்புகள் வழக்கத்தைவிட விரைவாகவே முறிகின்றன. அது செய்வதெல்லாம் புரோட்டான்களைச் சவ்வுக்குக் குறுக்கே சுமந்துவந்து மட்டத்தைச் சமமாக்குவதுதான். அணை உடைந்துவிடுகிறது, ஏடிபி உருவாவது குறைகிறது, ஆற்றலில் பெரும்பகுதி வெறும் சூடாகி உடலை எரிக்கிறது. பிணைப்பு முறிந்தால் ஆற்றல் கிடைக்கும் என்று மட்டும் படித்தவருக்கு இந்த மரணம் புரியாது. எடை குறைக்கும் மாத்திரை என்று யாராவது இன்று இதை அவரிடம் நீட்டினால், அஞ்ச வேண்டிய காரணமும் அவருக்குத் தெரிந்திருக்காது.

இரண்டாவது மறுப்பு, பதினாறு வயது மாணவருக்கு இது கடினம் என்பது. சமநிலையையும் லீ சாட்லியர் தத்துவத்தையும் அதே பதினாறு வயதில்தான் வேதியியல் வகுப்பில் படிக்கிறார்கள். ஆகவே புதிதாகச் சொல்ல வேண்டிய கருத்து எதுவும் இல்லை. பக்கத்து வகுப்பில் ஏற்கெனவே கற்றதைப் பயன்படுத்தச் சொல்கிறேன். பிணைப்புக்குள் அடைத்து வைத்த ஆற்றல் என்பதுதான் உண்மையில் கடினமானது, ஏனென்றால் அது மற்ற எதோடும் பொருந்தாமல் மனப்பாடமாக நிற்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, விடைக்குறிப்பில் அந்தச் சொற்கள் இருக்கின்றன, மதிப்பெண் போய்விடும் என்ற அச்சம். இது நியாயமான அச்சம். மாணவர் நலனை நினைப்பதால் வருவது. ஆனால் கவனித்துப் பாருங்கள். 'ஏடிபி நீராற்பகுக்கப்படும்போது செல்லின் வேலைக்கான ஆற்றல் கிடைக்கிறது' என்ற வாக்கியம் முழுக்க உண்மை. மதிப்பெண்ணும் வாங்கித் தரும். 'பிணைப்பில் சேமிக்கப்பட்ட', 'பிணைப்பு முறிவதால்' என்ற இரண்டு தொடர்களை நீக்கினாலே போதும். தேர்வில் 'உயர் ஆற்றல் பிணைப்பு' என்ற சொல்லையே கேட்டால், அது பழக்கத்தில் உள்ள பெயர் என்று சொல்லிப் பெயராகவே கற்றுக்கொடுங்கள், காரணமாக அல்ல.

'ஆற்றல் நாணயம்' என்ற உருவகத்தையும் விட்டுவிட வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம், நல்ல உருவகம். நாணயத்தை உடைத்தால் காசு கொட்டுவதில்லை. அதன் மதிப்பு கைமாறுவதில் இருக்கிறது. செல்லும் பெரும்பாலும் ஏடிபியை முறித்து எறிவதில்லை. பாஸ்பேட்டைக் குளுக்கோஸுக்கோ ஒரு புரதத்துக்கோ கைமாற்றுகிறது. ஆனால் நாணயத்தைச் சேமிப்பு என்று மட்டும் சொல்லாதீர்கள். உடலில் எந்த நொடியிலும் உள்ள ஏடிபி மொத்தம் கால் கிலோவைத் தாண்டாது. ஒரு நாளில் உருவாகிச் செலவாவதோ உடல் எடைக்கு நிகரான அளவு. ஒவ்வொரு மூலக்கூறும் நாளுக்கு நூற்றுக்கணக்கான முறை பிரிந்து மீண்டும் சேர்கிறது. நீண்டகாலச் சேமிப்பு கொழுப்பிலும் கிளைக்கோஜனிலும். சில நொடிகளுக்கான இருப்பு தசையின் கிரியேட்டின் பாஸ்பேட்டில்.

இந்தக் கடைசிப் பொருளைச் சொல்லும்போது ஒரு பெயரையும் சொல்லுங்கள். 1927-இல் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயோடு சேர்ந்து கிரியேட்டின் பாஸ்பேட்டைத் தசையில் கண்டவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பாஸ்பேட்டை அளக்க அவர்கள் வகுத்த முறையில், தசைச் சாற்றில் மட்டும் நீல நிறம் எதிர்பார்த்த வேகத்தில் வராமல் மெல்ல மெல்லக் கூடியது. அதைச் சோதனைப் பிழை என்று ஒதுக்காமல் துருவியதால்தான், எளிதில் பிரியும் ஒரு பாஸ்பேட் சேர்மம் தசையில் இருப்பது வெளிப்பட்டது. தசை வேலை செய்யும்போது அது குறைகிறது, ஓய்வில் மீண்டும் கூடுகிறது என்பதையும் அவர்கள் கண்டார்கள். 1929-இல் ஜெர்மனியில் கார்ல் லோமனும், தனியே ஃபிஸ்கே–சுப்பாராவ் இருவரும் ஏடிபியையே கண்டறிந்தனர். பொருந்தாத ஓர் அளவீட்டைப் பொருட்படுத்தியதில் தொடங்கிய துறை இது. அந்தத் துறையின் முதல் பாடத்தில் பொருந்தாத ஒரு வாக்கியத்தை மாணவர் கண்டும் காணாமல் கடந்துபோகும்படி நாம் பழக்கக் கூடாது.

செல் சுவாசப் பாடம் வரும் வாரத்தில், உங்கள் பள்ளியின் வேதியியல் ஆசிரியரை ஒரு பாடவேளைக்கு உங்கள் வகுப்புக்கு அழையுங்கள். கரும்பலகையில் இரண்டு வாக்கியங்களையும் அருகருகே எழுதி, எது சரி என்று மாணவர்களையே கேளுங்கள். விடையைச் சொல்லும் முன் அவர்களுக்குப் பத்து நிமிடம் கொடுங்கள்.

அன்புடன்,
உயிரியல் பாடத்தின் மீது அக்கறை கொண்ட ஒருவர்